ஆல்டர்கேஷன் எழுத மறுத்தவள்

எங்கள் ஆஸ்பத்திரியில் கும்மாங்குத்து அக்கா என்றால்தான் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். அவசரப் பிரிவின் பதிவு ஜன்னலில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்து எழுதியவள். அதே தாழ்வாரத்தின் கடைசி அறையில் நான் எக்ஸ்ரே எடுக்கிறேன். அவள் எழுதி அனுப்பும் சீட்டைப் பார்த்துத்தான் எந்த எலும்பைப் படம் பிடிப்பது என்று எனக்குத் தெரியவரும். இந்தக் கதையில் பாதியை நான் கண்ணால் பார்த்தேன். மீதியை அவளே சொன்னாள்.

அந்தப் பட்டப்பெயர் பதின்மூன்று வயதில் ஒட்டிக்கொண்டது. அவள் அப்பா சந்தையில் மூட்டை தூக்குகிறவர். வேலை கிடைத்த நாளில் களைப்பில் அடிப்பார், கிடைக்காத நாளில் கடுப்பில் அடிப்பார். அம்மாவுக்கு ஓய்வு நாள் என்று ஒன்று கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பெல்ட்டைக் கழற்றிப் பித்தளைப் பக்கத்தால் அம்மாவின் முகத்தில் வீசியபோது, இவள் கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்து அவர் முழங்காலில் போட்டாள். ஒரே போடு. அவர் கீழே விழுந்ததும் மேலே ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் குத்தினாள். பக்கத்து வீட்டு ஆள் வந்துதான் பிய்த்து எடுத்தார். பெயர் வைத்தவரும் அவரே.

ஆனால் அப்பாவும் அம்மாவும் அதற்குப்பின் யார் கேட்டாலும், "மாடிப்படியில விழுந்துட்டாரு" என்றே சொன்னார்கள். அவர்கள் குடியிருந்த வீட்டுக்கு மாடியே கிடையாது. இதைச் சொல்லும்போது அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அவளைக் கட்டிக்கொண்டவர் பம்பு மெக்கானிக். ஆள் ஒடிசல். கல்யாணமான முதல் வாரமே அவர் நேராகப் பேசிவிட்டாராம்: "உன் கையப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். என் வாயில இருக்கறது எல்லாம் சொந்தப் பல்லு. கொஞ்சம் பாத்துக்க." இனிமேல் யார் மேலும் கை வைப்பதில்லை என்று அன்றைக்கு அவள் சொன்னாள். பத்தொன்பது வருடம் அந்தச் சொல்லைக் காப்பாற்றினாள். ஆத்திரம் வந்தால் துணி துவைப்பாள். அவர்கள் வீட்டில் துணி எப்போதும் சுத்தமாக இருந்தது.

பதிவு ஜன்னலில் அவள் எழுதும் நோட்டு விபத்துப் பதிவேடு. அடிபட்டு வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை. பெயர், வயது, கூட்டி வந்தவர், காயம், காரணம், கடைசியாக 'நோயாளி கூறியது' என்று ஒரு கட்டம். காயத்தையும் காரணத்தையும் டாக்டர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அவள் எழுத வேண்டும். கடைசிக் கட்டத்தில் எல்லோரும் 'மேற்படி' என்று போட்டுவிட்டுப் போவார்கள். அக்காவும் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் டைப்ரைட்டிங் வகுப்பில் ஆங்கிலம் கற்றவள். காதில் விழுந்த சொல்லை எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுவாள், அர்த்தம் பாதிக்கு மேல் தெரியாது.

ஒரு திங்கட்கிழமை காலை பத்தே முக்காலுக்குத் தையல்காரி முதல் முறையாக வந்தாள். முப்பது வயதிருக்கும். கழுத்தில் அளவு டேப் தொங்கியபடியே வந்திருந்தாள். இடது முன்கை நடுவில் இன்னொரு முட்டி முளைத்த மாதிரி வளைந்திருந்தது. கூட வந்த புருஷன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். இஸ்திரி கலையாத சீருடை, பெல்ட்டில் சாவிக்கொத்து, நல்ல பணிவு.

"மேடம், கொஞ்சம் சீக்கிரம் முடிச்சு விடுங்க. பன்னெண்டரைக்குச் சின்னப் புள்ளைங்க டிரிப் இருக்கு" என்றான்.

டூட்டி டாக்டர் இளவயதுக்காரர். கெட்டவர் இல்லை, சோம்பேறியும் இல்லை. ஒரு நாளைக்கு எண்பது பேரைப் பார்த்துச் சலித்தவர். "என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"சின்ன வாய்த் தகராறு சார். குடும்பம்னா சகஜம்தானே" என்றான் பஸ்காரன்.

டாக்டர் பதிவு ஜன்னல் பக்கம் திரும்பி, "காரணம், ஆல்டர்கேஷன்" என்றார். அக்கா எழுதினாள். அந்தச் சொல்லை அதற்கு முன் நூறு தடவையாவது எழுதியிருப்பாள்.

என் அறையில் படம் எடுக்க மேசைமேல் அந்தக் கையை நீட்டச் சொன்னபோது தையல்காரி கத்தவில்லை. உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்தது. சீட்டில் ஒரு எண் விட்டுப்போயிருந்ததால் அக்கா அதை எழுத உள்ளே வந்தாள். புருஷன் வெளியே நின்றான்.

"எப்படிம்மா ஆச்சு?" என்றாள் அக்கா, சும்மா கேட்கிற மாதிரி.

"கதவு இடுக்குல கைய வெச்சுச் சாத்தினாரு. மூணு தடவ."

"நீ என்ன பேசின?"

"நான் எங்க பேசறது? வாய் நிறைய குண்டூசி வெச்சிருந்தேன். ஒரு சட்டைக்கு ஓரம் மடக்கிட்டிருந்தேன். கூப்பிட்டாரு, பதில் சொல்லலன்னு கோபம்."

அக்கா எண்ணை எழுதிவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், மகளின் பள்ளிக்கூட அகராதியை எடுத்துத் தேடினாளாம். 'உரத்த வாய்ச்சண்டை, கடுஞ்சொல் பரிமாற்றம்' என்று போட்டிருந்தது. கீழே ஒரு உதாரண வாக்கியம்: பயணிக்கும் நடத்துநருக்கும் இடையே ஆல்டர்கேஷன் ஏற்பட்டது.

மறுநாள் டீ குடிக்கும்போது என்னிடம் அதையேதான் பேசினாள்.

"தம்பி, இந்த வார்த்தை 'இடையே'ன்னு சொன்னாத்தான் நிக்குது பாரு. 'அவன் அவளை ஆல்டர்கேஷன் பண்ணினான்'னு எழுத முடியாது. அடிச்சான்னா அடிச்சவன் ஒருத்தன் வேணும், அடி வாங்கினவ ஒருத்தி வேணும். இதுல ரெண்டு பேரும் சமம். யாரும் எதுவும் செய்யல, தானா ஏற்பட்டுச்சு, மழை மாதிரி. குண்டூசி கடிச்சிட்டிருந்தவ எப்படிய்யா கடுஞ்சொல் பேசுவா?"

நான் டீயை ஊதிக் குடித்தேன்.

நாலு மாதம் கழித்துத் தையல்காரி மறுபடி வந்தாள். இந்த முறை தாடை. அதே காலை நேரம், அதே சீருடை, அதே "சின்ன வாய்த் தகராறு சார்." நான் எடுத்த படத்தில் தாடை எலும்பு இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தது. கன்னம் வெளியே பூசணி மாதிரி உப்பி, வாயிலிருந்து எச்சிலும் ரத்தமும் சட்டைக் கழுத்தில் வடிந்துகொண்டிருந்தது.

"அதேதான். ஆல்டர்கேஷன்" என்றார் டாக்டர்.

அக்கா பேனாவை எடுக்கவில்லை. "டாக்டர், அதுக்கு வாய்ச்சண்டைன்னு அர்த்தம்."

"தெரியும்."

"வாய்ச்சண்டையில வாய் உடையுமா?"

டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அக்கா, இங்க எல்லாரும் அப்படித்தான் எழுதுறோம். எனக்கு முன்னாடி இருந்தவரும் அதான் எழுதினாரு. அசால்ட், அதாவது தாக்குதல்னு எழுதினா நான் போலீசுக்குத் தகவல் அனுப்பணும், கோர்ட்டுக்குப் போய் நாள் பூரா நிக்கணும். இங்க வரிசைய யார் பாக்கறது? அந்தம்மாவே புகார் வேணாம்ங்கறாங்க."

அது உண்மைதான். ஸ்டேஷனுக்குப் போகலாமா என்று அக்கா கேட்டபோது தையல்காரி தலையை ஆட்டி மறுத்தாள். போய்விட்டுத் திரும்பி வர வேண்டிய இடம் அதே வீடுதானே.

அக்கா காரணக் கட்டத்தில் டாக்டர் சொன்னதை எழுதினாள். அது அவருடைய கட்டம். பிறகு தன் சீட்டுக் கட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தையல்காரியிடம் நீட்டினாள். பேச முடியாதவள் எழுதிக் கொடுத்தாள். அக்கா அதை ஒரு எழுத்து மாற்றாமல் கடைசிக் கட்டத்தில் நுணுக்கி எழுதினாள்: 'இஸ்திரிப் பெட்டியால் தாடையில் அடித்தார். பெட்டி சூடாக இல்லை, நல்லவேளை. நான் கையைத் தூக்கவில்லை.' நாலு மாதத்துப் பக்கங்களைப் பின்னால் புரட்டி, முதல் தடவை தையல்காரி சொன்னதையும் எழுதலாமா என்று யோசித்தாளாம். பழைய பக்கத்தில் கை வைப்பது தப்பு என்று விட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து யார் வந்தாலும் அவள் 'மேற்படி' போடுவதில்லை. கேட்டுக் கேட்டு எழுதினாள். வரிசை நீண்டது. ஜன்னல் முன்னால் கூச்சல். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "எழுத்தாளர் ஆயிட்டீங்களா அக்கா?" என்று நர்ஸ்கள் கிண்டல் செய்தார்கள்.

மூன்றாவது முறை, ஒரு மாதத்துக்குள்ளேயே, தலை. தையல் மெஷின் சக்கரத்தில் அவளை மோதியிருந்தான். மண்டைத் தோல் கிழிந்து மடல் மாதிரி ஒரு பக்கம் தொங்கியது. பதினோரு தையல். கம்பி போட்டு இணைத்த தாடையோடு பல்லுக்கு நடுவில் பேசினாள்: "எனக்கே தையல் போடுறாங்க பாருங்க." அவள் சொன்னதற்கு நான்தான் சிரித்துவிட்டேன், பிறகு வெட்கமாக இருந்தது. அக்கா சிரிக்கவில்லை. கடைசிக் கட்டத்தில் எழுதினாள்: 'பிடரியைப் பிடித்து மெஷினில் மோதினார். எத்தனை தடவை என்று எண்ணவில்லை.'

நாலாவது முறை ஸ்ட்ரெச்சரில் வந்தது அவன்.

அடுத்த வாரம் புதன்கிழமை, பதினொன்றரை மணி. அவனோடு பஸ் ஓட்டும் இரண்டு டிரைவர்கள் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். தொடையில் பெரிய துணி வெட்டும் கத்தரி பிடி வரை இறங்கியிருந்தது. காற்சட்டை கறுத்து நனைந்து, தரையெல்லாம் சொட்டு. அவன் போட்ட கூச்சலில் காய்ச்சலுக்கு வந்தவர்கள் எழுந்து ஓரமாகப் போனார்கள். பின்னாலேயே தையல்காரி நடந்து வந்தாள். யாரும் பிடித்துக் கூட்டி வரவில்லை, தானாகவே வந்தாள். அவள் காதின் கீழ்ப்பாதி பிய்ந்து தொங்கிற்று. கழுத்தைச் சுற்றிப் பத்து விரலின் தடமும் சிவப்பாக இருந்தது. "கழுத்த நெரிச்சாரு. கையில கத்தரி இருந்துச்சு" என்றாள், எல்லோருக்கும் பொதுவாக.

டாக்டர் அவன் தொடையை அமுக்கிப் பிடித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் பார்த்துக் கத்தினார்: "அசால்ட் வித் ஷார்ப் வெப்பன்! போலீசுக்குத் தகவல் கொடுங்க!"

அக்கா எழுந்து நின்றாள். "ஏன் டாக்டர், இன்னைக்கு ஆல்டர்கேஷன் இல்லையா?"

"என்னக்கா இது நேரமா?"

"அதே வீடு. அதே ரெண்டு பேரு. மூணு தடவை அவ வந்தப்போ இடையில ஏதோ ஏற்பட்டுச்சு. இன்னைக்கு மட்டும் ஆள் தெரியுதா, ஆயுதம் தெரியுதா?"

ஸ்ட்ரெச்சரில் கிடந்தவனுக்கும் அது காதில் விழுந்தது. அப்போது தையல்காரி அவனைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. அவன் எக்கி அவள் பின்னலைப் பிடித்து இழுத்தான். அவள் தலை ஸ்ட்ரெச்சரின் இரும்புக் கம்பியில் 'ணங்' என்று மோதியது. மறுபடி இழுத்தான். பதினோரு தையல் போட்ட இடம் வாயைப் பிளந்தது. "கொன்னுடுவேன்டி" என்றான், மூச்சு வாங்கிக்கொண்டே. இரண்டு டிரைவர்களும் அவன் காலைத்தான் பிடித்தார்கள், கையைப் பிடிக்கவில்லை.

அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்ததை நான் பார்க்கவில்லை. வந்து நின்றதைத்தான் பார்த்தேன். முதல் குத்து மூக்கில். அவன் பின்னலை விட்டுவிட்டான். இரண்டாவதும் மூக்கில். காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. எலும்போடு பழகின எனக்கு அது எந்த எலும்பு என்று படம் எடுக்காமலே தெரிந்தது. மூன்றாவதற்குக் கையை ஓங்கியவள் அப்படியே நிறுத்தி, முஷ்டியைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டு நின்றாள். முகத்தில் அவன் ரத்தம் தெறித்திருந்தது.

அரை மணி நேரம் கழித்து எல்லாம் அடங்கியது. அவனை ஆபரேஷனுக்குக் கொண்டு போனார்கள். தையல்காரியைப் போலீஸ்காரி ஒருத்தி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டாள். அக்கா முகம் கழுவிவிட்டு ஜன்னலில் போய் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். மூக்கு உடைந்ததற்குத் தனி வரிசை போட வேண்டும்.

டாக்டர் அருகே வந்து மெதுவாகச் சொன்னார்: "அக்கா, இதுக்கு ஆல்டர்கேஷன்னு போட்டுடலாம். நான் கையெழுத்துப் போடுறேன். உங்க வேலை போயிடும் இல்லன்னா."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு அந்த வார்த்தை வேணாம் டாக்டர்."

அவளே எழுதினாள். 'இந்தப் பதிவேட்டை எழுதுபவர் வலது கை முஷ்டியால் மூக்கில் இரண்டு முறை குத்தினார். குத்தப்பட்டவர் படுத்திருந்தார்.' படுத்திருந்தார் என்பதையும் எழுத வேண்டுமா என்று நான் கேட்டேன். "படுத்துத்தானே இருந்தான்?" என்றாள்.

அன்று சாயங்காலமே அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

தையல்காரி மேல் கொலை முயற்சி வழக்கு. நாற்பத்தாறு நாள் உள்ளே இருந்தாள். விசாரணையில் அவன் தரப்பு வக்கீல் ஆஸ்பத்திரிப் பதிவையே தனக்குச் சாதகமாகக் கையில் எடுத்தார். அதற்கு முன் நடந்தவை எல்லாம் ஆல்டர்கேஷன், அதாவது இருவருக்கும் இடையிலான சச்சரவு, ஆயுதம் எடுத்தவள் இவள் ஒருத்திதான் என்றார். நீதிபதி வயதான அம்மாள். பதிவேட்டை வாங்கி வெகுநேரம் படித்தார். பிறகு டாக்டரைக் கூண்டில் நிற்கவைத்து அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டார்.

"வாய்ச்சண்டைங்க."

"வாய்ச்சண்டையில தாடை ரெண்டு இடத்துல உடையுமா?"

"உடையாதுங்க."

"அப்புறம் ஏன் எழுதினீங்க?"

"பழக்கம்" என்றார் டாக்டர். அவர் அப்படிச் சொல்லாமல் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அதற்காக இன்றைக்கும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

அடுத்து அக்கா. கடைசிக் கட்டங்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். வக்கீல் எழுந்தார். "நீங்க எழுதினத எப்படி நம்பறது? நீங்களே அந்த ஆளோட மூக்க உடைச்சவங்கதானே?"

"ஆமாங்க. அதையும் எழுதியிருக்கேன். அடுத்த பக்கம் பாருங்க."

வக்கீல் புரட்டிப் பார்த்தார். "ரெண்டு தடவைன்னு இருக்கே. முதல் அடியிலயே அவர் பின்னல விட்டுட்டாரு. ரெண்டாவது எதுக்கு?"

"முதல் அடி அவ தலைக்காக. ரெண்டாவது எனக்காக."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை, குனிந்து குறித்துக்கொண்டார்.

தன் உயிரைக் காத்துக்கொள்ளச் செய்தது என்று தையல்காரியை விட்டுவிட்டார்கள். அவன் மேல் தனியாக வழக்குப் போட்டு இரண்டு வருடம் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் பஸ் சாவியைப் பிடுங்கிக்கொண்டது. தையல்காரி அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, நகரத்தின் இன்னொரு கோடியில் ஒற்றை அறையில் மெஷின் போட்டிருக்கிறாள். தாடை சரியாகச் சேரவில்லை. கடினமான எதையும் மெல்ல முடியாது. இடது கையில் பலமில்லாததால் கனமான துணி தைக்க வாங்குவதில்லை. அவளுக்கு முழுசாகத் திரும்பி வந்தது எதுவும் இல்லை, உயிரைத் தவிர.

அக்காவுக்கு எட்டு மாதம் கழித்து வேலையைக் கொடுத்தார்கள். ஆனால் ஜன்னலில் இல்லை. பின்கட்டில், ஆஸ்பத்திரி விரிப்புகளைச் சலவைக்கு அனுப்பி வாங்கும் இடத்தில். அங்கே ஒருநாள் அவளோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"வீட்டுல அவர் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"பத்தொன்பது வருஷம் கேரண்டி முடிஞ்சுபோச்சு, இனி ஜாக்கிரதையா இருக்கணும்னாரு. அவருக்குக் கிண்டல். பொண்ணுதான் ஒரு மாதிரி பாக்குது. நான் பக்கத்துல போனா லேசா ஒதுங்குது."

"சின்னப் பொண்ணு. சரியாயிடும்."

"அது தப்பா ஒண்ணும் பாக்கல தம்பி." அவள் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நடுவிரல் முட்டி கொஞ்சம் உள்ளே அமுங்கியிருந்தது. அதைப் படம் எடுக்க வா என்று நான் எத்தனையோ தடவை கூப்பிட்டும் வரவில்லை. "அவன் மூக்கு உடைஞ்சப்போ எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? தாகத்துக்குத் தண்ணி குடிச்ச மாதிரி. எங்கப்பாவுக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்? அதான் மூணாவது அடிக்குக் கை வரல."

நான் ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்கிற நிலையில் இல்லை. சலவை வண்டி வந்துவிட்டது. அவள் எழுந்து போய், ரத்தக்கறை படிந்த விரிப்புகளைத் தனியே பிரித்து எண்ணிப் போட ஆரம்பித்தாள்.